மார்கழியும் தேபேத்தும்

மார்கழி பிறந்தால் முகம் சுளிப்போர் நம்மவருள் இன்றும் பலர் உளர். பெண் பார்க்கப் போகலாகாது, புது வீடு குடிபுகலாகாது, கடை திறக்கலாகாது. ஒரு கிணறு தோண்டுவதென்றாலும் "தை பிறக்கட்டும், பார்த்துக்கொள்வோம்" என்பதே வழக்கம். இதனால் இம்மாதத்திற்குப் 'பீடை மாதம்' என்ற பெயரும் வந்து ஒட்டிக்கொண்டது. 'பீடுடைய மாதம்' என்பதே நாவில் தேய்ந்து 'பீடை மாதம்' ஆயிற்று என்று அறிஞர் சிலர் சமாதானம் கூறுவர். சமாதானம் அழகானதுதான். ஆயினும், அத்துணைப் பெருமை வாய்ந்த மாதத்தில் நல்ல காரியம் எதுவும் செய்யலாகாது என்று விலக்கி வைத்தது ஏன் என்ற கேள்வி அப்படியே நின்றுவிடுகிறது. சொல்லைத் திருத்திவிட்டுக் கேள்வியைக் கைவிடுவது நமக்கு உடன்பாடன்று.

நம் பெரியோர் கணக்கில் மானிடர்க்கு ஓராண்டு தேவர்க்கு ஒரு நாள். தை முதல் ஆனி வரை அவர்களுக்குப் பகல்; ஆடி முதல் மார்கழி வரை இரவு. பன்னிரண்டு மாதங்களை ஒரு நாளின் 24 மணிக்குப் பங்கிட்டால் மாதத்திற்கு இரண்டு மணி வரும். ஆகவே மார்கழி என்பது அவர்களுக்கு விடியற்காலை நான்கு மணி முதல் ஆறு மணி வரையுள்ள பொழுது. அந்த வேளையில் எவரும் கடை திறப்பதில்லை, விருந்துக்கு அழைப்பதில்லை. முகம் கழுவி, வாசல் தெளித்து, விளக்கேற்றிச் சற்று வாய்மூடி இருக்கும் வேளை அது. பெரியோர் விலக்கியது மாதத்தை அன்று; அம்மாதத்துள் புகக்கூடிய சந்தை இரைச்சலையே என்று நாம் கொள்கிறோம்.

வானநூல் கற்ற இளைஞர் ஒரு தடை எழுப்புவர். சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது தை முதல் நாளிலன்று, மார்கழி ஆறாம் ஏழாம் நாளிலேயே அல்லவா என்பர். அவர்கள் கூறுவது சரியே. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே நாளில் பொருந்தியிருந்தன. புவியின் அச்சு மெல்ல மெல்லத் திசை மாறிச் சுழல்வதால், சுமார் 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகி, இன்று மூன்று வாரத்துக்கு மேற்பட்ட இடைவெளி ஏற்பட்டிருக்கிறது. பஞ்சாங்கம் திருத்துவோர் அதனைப் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது அந்த வைகறை.

திருக்கோணமலைவாசிகளுக்கு இம்மாதத்தின் குணம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வாடைக்காற்று வங்கக் கடலிலிருந்து நேரே வந்து கோணமாமலையில் மோதும். ஐப்பசியில் தொடங்கிய மாரி இன்னும் ஓய்ந்திராது. உள்துறைமுகத்து நீர் குளம்போல் அடங்கிக் கிடக்க, மலைக்கு அப்பால் வெளிக்கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும். கோடையில் மேல்கரையிலிருந்து வந்து வாடியடித்துத் தொழில் செய்வோர் எப்போதோ ஊர் திரும்பிவிடுவர். கரையில் தோணிகள் கவிழ்த்துக் கிடக்கும். ஆயினும் இது வடநாட்டார் கூறும் இருண்ட பனிக்காலம் அன்று. எருசலேம் நகரில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் 10 மணி நேர அளவே நீடிக்கும். இங்கோ அதே நாளில் 11½ மணி நேரத்துக்கும் சற்று அதிகம். நம் மார்கழியில் குறைவது வெளிச்சமன்று, வேலை. கடலும் வயலும் சற்றே கையை விடுவிக்கும் மாதம் அது.

விடுபட்ட அந்தக் கையில் சங்கையும் சேமக்கலத்தையும் கொடுத்தார்கள் நம் முன்னோர். மாணிக்கவாசக சுவாமிகள் அருளிய திருவெம்பாவை இருபது பாட்டு. திருவாதிரையோடு முடியும் பத்து நாளும், ஈழத்துச் சைவ ஊர்களில், கோழி கூவுமுன் இளைஞர் கூட்டம் சங்கூதிச் சேமக்கலம் அடித்துத் தெருத்தெருவாய் வரும். கூதலையும் பாராமல் கிணற்றடியில் வாளி விழும் ஓசை கேட்கும். அப்பாட்டுக்களின் அமைப்பை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. எழுந்துவிட்ட பெண் இன்னும் எழாத பெண்ணின் வாசலில் நின்று அழைக்கிறாள். உள்ளிருப்பவள் மறுமொழி சொல்கிறாள். சில வேளை சண்டையும் பிடிக்கிறாள். தனியே எழுந்து தனியே நீராடித் தனியே முத்தி பெற்றாள் என்று ஒருத்தியைப்பற்றியும் அங்கே பேச்சில்லை. ஒருவர் விழித்தால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது அவர் கடன். கடல் கடந்து சயாம் தேசத்திலும் இவ்வழைப்பு சென்று தங்கியிருக்கிறது. பாங்கொக் நகரத்து அரண்மனைப் பிராமணர் ஆண்டுதோறும் நடத்தும் விழாவுக்குத் 'திரியம்பாவை - திரிபாவை' என்றே பெயர். அதன் பகுதியாகிய பெரிய ஊஞ்சலாட்டம் 1935ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று; பூசை நிற்கவில்லை.

நிற்க. தலைப்பில் உள்ள தேபேத் யாது என்று நேயர்கள் பொறுமையிழந்திருக்கலாம்.

யூத மக்களின் எபிரேயப் பஞ்சாங்கத்தில் பத்தாம் மாதத்தின் பெயர் அது. நம் கிறிஸ்தவ அன்பர்கள் வேதாகமத்தில் எஸ்தர் சரித்திரத்தில் அப்பெயரை வாசித்திருப்பர். எஸ்தர் அரசனுடைய அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டது அம்மாதத்திலேதான். எபிரேயர்க்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்பது நியாயம். சாலமோன் மன்னனின் கப்பல்கள் கொண்டுவந்த சரக்கினுள் மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல், தமிழ்த் 'தோகை'யே என்று கால்டுவெல் முதலிய மொழிநூலார் கருதினர். அச்சொல் எந்தத் துறையிலிருந்து ஏறிற்றென்று ஆளுக்கொன்று சொல்வர். அந்த வழக்கு நமக்கு வேண்டா. வணிகத் தொடர்பு பழையது என்பது போதும்.

அவர்கள் மாதம் அமாவாசை கழிந்து பிறை தோன்றுவதிலிருந்து தொடங்குவது. பருவம் தவறாதிருக்க 19 ஆண்டில் ஏழு முறை ஓர் அதிக மாதத்தைக் கூட்டிக்கொள்வர். ஒன்பதாம் மாதமாகிய கிஸ்லேவின் 25ஆம் நாள் அவர்கள் வீடுகளில் தீபத் திருநாள் தொடங்குகிறது. அந்நியன் தீட்டுப்படுத்திய ஆலயத்தை மீட்டுச் சுத்தி செய்து மீண்டும் அர்ப்பணம் செய்த நினைவு அது. எட்டு இரவு விளக்கேற்றுவர். எப்படி ஏற்றுவது என்பதில் பண்டை ஆசிரியர் இரு சாராரிடையே வாதம் நிகழ்ந்தது. முதல் நாள் எட்டு விளக்கேற்றி நாளுக்கு ஒன்று குறைத்துவர வேண்டும் என்றனர் சம்மாய் வழியினர். முதல் நாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போகவேண்டும், புனிதமானது வளரலாமேயன்றித் தேயலாகாது என்றனர் இல்லேல் வழியினர். இரண்டாவதே நிலைத்தது. நம் கார்த்திகை விளக்கீடு முடிந்து மார்கழி வருவதுபோல, இத்தீப விழா தேபேத்தின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் நிறைவெய்துகிறது. விளக்குகளைத் துடைத்து எடுத்து வைத்த பின் எஞ்சிய மாதமே தேபேத்.

அதன் பத்தாம் நாள் அவர்கள் விடியல் முதல் இருள் சூழும்வரை உண்ணாநோன்பு இருப்பர். பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமை முற்றுகையிடத் தொடங்கிய நாள் அது. கி.மு. 588ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்தது என்பர். நகரம் விழுந்து ஆலயம் எரிந்தது அதற்கு ஒன்றரை இரண்டு ஆண்டுக்குப் பின். அதற்கு வேறு நோன்பு நாள் உண்டு. இங்கே நம் சிந்தனையைத் தூண்டுவது இதுதான்: தேபேத் பத்தாம் நாளில் ஒரு கல்லும் விழவில்லை. மதில் நின்றது, பூசை நடந்தது, அங்காடியில் அப்பம் விற்றது. வாயிலுக்கு வெளியே பகைவன் கூடாரம் அடித்தான், அவ்வளவே. கேடு முடிந்த நாளை அழுது நினைப்பது எவர்க்கும் இயல்பு. கேடு தொடங்கிய நாளை, இன்னும் விழித்துக்கொள்ள அவகாசம் இருந்த அந்த நாளை, நோன்பிருந்து நினைப்பதற்கு ஒரு தனிக் கண் வேண்டும். அவர்களுடைய மறைஞான மரபில் தேபேத்துக்குரிய எழுத்தின் பெயருக்குக் 'கண்' என்றே பொருள் என்பதும், அம்மாதத்தில் ஆளவேண்டிய குணம் கோபம் என்பதும் இவ்விடத்தில் கருதத்தக்கன. முற்றுகைக்குள் இருப்பவனுக்குக் கோபம் வருவது போல் வேறெவனுக்கு வரும்? தல்மூது என்னும் அவர்தம் பெருநூல் இம்மாதத்தைப்பற்றி இன்னொன்றும் குறிக்கிறது: குளிரினால் உடல் உடலின் கதகதப்பை நாடும் மாதமாம் இது. வாசலில் தோழி கூப்பிட, போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் நம் திருவெம்பாவைப் பெண்ணை அந்நூலார் அறியார். ஆயினும் அவளுடைய கஷ்டத்தை நன்கு அறிந்திருக்கிறார்கள்!

இரு பஞ்சாங்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது நமக்கு ஒரு வியப்பு நேர்ந்தது. திருவாதிரை பெரும்பாலும் மார்கழிப் பூரணையை ஒட்டி வருவது. தேபேத் பத்து அதே வளர்பிறையில் பூரணைக்குச் சில நாள் முன்னே வருவது. 2023இல் அவர்கள் நோன்பு டிசம்பர் 22, நம் திருவாதிரை டிசம்பர் 27. 2025இல் அவர்களுக்கு ஜனவரி 10, நமக்கு ஜனவரி 13. ஆக, இங்கே சங்கூதும் அந்தப் பத்து நாளுக்குள்ளேயே அங்கே உண்ணாநோன்பு வந்து சேர்கிறது. இரு சாராரும் ஒரே நிலவைப் பார்த்தே எழுகிறார்கள்.

இனி நம் மலைக்கு வருவோம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கீசர் 1622ஆம் ஆண்டு இடித்தனர். தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா. சித்திரைப் புத்தாண்டு நாளில் சுவாமி வீதியுலாப் போயிருந்த சமயம் பார்த்துப் புகுந்தனர் என்பது கர்ணபரம்பரை. 1624இல் அக்கோயிற் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். அடியார் சிலர் காத்துக் கொண்டுபோன திருவுருவங்கள் தம்பலகாமத்து ஆதிகோணேசுவரத்தில் இடம்பெற்றன என்பர். பின்னர் ஒல்லாந்தர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர். கோட்டைக்குப் 'பிரெடெரிக்' என்று பெயர் மாறிற்று. மலையுச்சியில் கோயில் இல்லை.

கோயில் இல்லையே தவிர, பூசை இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையில் உயர் பதவி வகித்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தம் நூலில் அதனை வருணித்திருக்கிறார். மாலை வேளையில் குருக்கள் மலையின் விளிம்பில் நின்று, தீபம் காட்டி, பூவும் பழமும் தேங்காயும் கீழே கடலில் இடுவார். அடியார் கூட்டம் கைகூப்பி நிற்கும். சுற்றிலும் பட்டாளத்துப் பாசறை. கூரை இல்லை, கருவறை இல்லை, கொடிமரம் இல்லை. எதை நோக்கித் தொழுதார்கள்? கற்கள் கடலுக்குள் கிடக்கின்றன என்ற நினைவை நோக்கி என்றுதான் சொல்ல வேண்டும். அந்நினைவு பொய்க்கவில்லை. 1950இல் ஊருக்குள் கிணறு தோண்டியவர் கையில் புதையுண்ட பஞ்சலோக மூர்த்திகள் அகப்பட்டனர். 1956இல் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கித் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. இடிபட்டதிலிருந்து கணக்கிட்டால் 340 ஆண்டு கடந்துவிட்டது.

எந்த ஆலயத்தையும் இடித்துவிடலாம். அதற்கு வெடிமருந்தும் ஆட்களும் போதும். மார்கழியை எவனாலும் இடிக்க முடிந்ததில்லை. கோட்டைக் கதவைச் சாத்தினாலும் அது பிறக்கிறது. ஊரைக் காலி செய்தாலும் போன ஊரில் பிறக்கிறது. எபிரேயர் ஆலயமிழந்து நாடு நாடாய் அலைந்தபோது தேபேத்தைக் கையோடு கொண்டு சென்றனர். அப்பெயரே பாபிலோனியச் சிறையிருப்பில் பெற்றதுதான்! தம்மைச் சிறைப்படுத்தியவர் மொழியில் பெயர் வாங்கி, அவர் செய்த முற்றுகையையே அதற்குள் நோன்பாக வைத்துக்கொண்டனர். கல்லாலான கோயிலுக்குக் காவலாளி வேண்டும். காலத்தாலான கோயிலுக்கோ அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் ஒருவர் வேண்டும். அவர் இல்லாவிடில் அது முப்பது வெறும் நாட்கள். இம்மாதத்தின் பொருள் இதுவென்றே நமக்குப் படுகிறது.

இவ்வளவும் எழுதத் தூண்டியது நமக்கு வந்த ஒரு கடிதம். எழுதியவர் நிலாவெளிப் பக்கத்து அம்மையார் ஒருவர். பெயரைக் குறிக்கவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை ஆழிப்பேரலையில் மூத்த மகனை இழந்தவர். உடல் கிடைக்கவில்லை. அன்று போயா தினம், மார்கழிப் பூரணை. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். நிலாவெளிப் பக்கத்தில் அந்தத் திதியில் திவசம் இல்லாத தெரு அரிது. அம்மையார் கேட்பது இரண்டு. "திதியும் திருவாதிரையும் ஒரே நாளில் வந்தால் தரிசனத்துக்குப் போவதா, திவசம் செய்வதா?" என்பது ஒன்று. மற்றது கேள்வியன்று, "பீடை மாதத்திலே போனவன் என்று சொல்கிறார்கள், ஐயா" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

இரண்டாவதற்கு முதலில் விடை கூறுவோம். அம்மா, தேவர்கள் விழித்தெழும் வேளையில் உம் மகன் போனான். பீடை என்பவர்கள் தெரியாமல் சொல்கிறார்கள். அவர்களோடு வாதாடி உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டா. உம்மைப் போன்றோர் உலகில் வேறிடத்தும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் நாசிகளால் கொல்லப்பட்ட யூதர் இலட்சக்கணக்கானோர்க்கு இறந்த நாளும் தெரியாது, கல்லறையும் கிடையாது. அத்தகையோர்க்காக உறவினர் பிரார்த்தனை செய்யும் பொது நாளாக இஸ்ரேலின் தலைமைக் குருமார் குறித்தது தேபேத் பத்தையே. அன்று அவர்கள் சொல்லும் 'கதீஷ்' என்னும் பிரார்த்தனையில் மரணம் என்ற சொல்லே வருவதில்லை. முழுவதும் இறைவன் புகழ். உம் தெருவில் அப்பத்து நாளும் பாடப்படுவதும் அத்தகையதுதானே.

முதற் கேள்விக்குச் சாஸ்திரமே வழி விட்டிருக்கிறது. தேவகாரியம் முற்பகலுக்குரியது, பிதிர்காரியம் நண்பகல் தாண்டிய பின். திருவாதிரை அபிடேகமோ இருளிருக்கத் தொடங்கி விடியலோடு தரிசனமாகிவிடும். வருடாந்தத் திவசத்துக்குத் துடக்கும் இல்லை. திவசம் முடியுமுன் கோயிலுக்குப் போகலாகாது என்னும் வழக்கம் உம் வீட்டில் உண்டானால் குருக்களிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளும்; அப்படியொரு கட்டில்லையேல் முதல் பஸ்ஸிலேயே புறப்பட்டு வாரும். கோட்டை வாசல் தாண்டி மலையேறும் பாதை மழையில் வழுக்கும். துணைக்கு ஒரு பிள்ளையை அழைத்துக்கொள்ளும். கோயிலின் பின்புறம் கிழக்கே அதே கடல்தான் தெரியும். பார்க்க மனம் வராவிட்டால் சந்நிதியோடு திரும்பிவிடலாம், குற்றமில்லை. பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட்டால் உலை வைத்து, அவனுக்குப் பிடித்த கறியும் ஒன்று சமைத்து, உச்சி சாய்ந்ததும் இலை போடப் பொழுது சரியாக இருக்கும்.